டிவி மாற்றலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக்கைக் கண்டாலே தொண்டை அடைக்கும். பொருளாளர் அக்காதான், "மாசக் கூட்டத்துல எங்களை எல்லாம் சிரிக்க வச்சியே, அந்த டிவி கதையை அப்படியே சொல்லு, போதும்" என்று ஏத்தி விட்டுட்டாங்க. ஆடு வளர்த்து ஜெயித்தவர்கள், தையல் மிஷின் போட்டு ஜெயித்தவர்கள் எல்லாம் பேசின மேடையில் நான் டிவியைப் பற்றிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல்லேயே ஒண்ணு சொல்லிடுறேன். டிவி வாங்குறது தப்பு, அதுக்குக் கடன் கேட்கிறது தப்புன்னு சொல்ல நான் வரலை. காலையில நாலரை மணிக்கு வாசல் தெளிக்கிறதுல ஆரம்பிச்சு ராத்திரி ஏனம் கழுவிக் கவுக்கிற வரைக்கும் நிக்கிறவ நாம. நடுவுல ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து நாடகம் பார்க்கிறோம். அந்த ஒரு மணி நேரம் நல்லா தெரியணும்னு ஆசைப்படுறது ஒரு குத்தமா?

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்போ எங்க வீட்டில் இருந்தது அரசாங்கம் கொடுத்த 14 அங்குல கலர் டிவி. 2006-ல் ஆரம்பிச்சாங்களே இலவச டிவித் திட்டம், அதில் என் அத்தை பேருக்கு வந்தது. அது இன்னும் பரண்ல இருக்கு. எடைக்குப் போட அத்தை விட மாட்டாங்க. "என் பேருக்கு வந்த முதல் சாமான்"னு சொல்லுவாங்க. அப்புறம் 2018-ல் 32 அங்குல எல்.இ.டி. டிவி வாங்கினோம். அப்போ 13,500 ரூபாய். சீட்டு எடுத்து வாங்கினது.

ஏழு வருசமா நல்லாத்தான் ஓடிச்சு. போன வருசத்துக்கு முந்தின பொங்கல்ல இருந்துதான் அத்தை ஆரம்பிச்சாங்க. "ஏத்தா, படம் புகையா இருக்கு." நான் துணியை நனைச்சுத் துடைச்சேன். (அப்படித் துடைக்கக் கூடாதாம், பின்னாடிதான் தெரிஞ்சது. ஈரம் ஓரமா உள்ள இறங்கிடுமாம். காஞ்ச மெத்துன்னு இருக்கிற துணிதான் போடணும்.) மறுநாளும் புகை. கேபிள் தம்பியைக் கூப்பிட்டோம். வந்து பாக்ஸை ரெண்டு தட்டுத் தட்டி, பின்னை மாத்தி, "சிக்னல் எல்லாம் நல்லா இருக்குக்கா"ன்னு சொல்லி 200 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டார். அப்பவும் புகை.

அத்தை சீரியல் நேரம் வந்தா டிவிக்குப் பக்கத்துல நாற்காலியைப் போட்டு அண்ணாந்து பார்க்க ஆரம்பிச்சாங்க. "யாரு பேசுறது, மருமகளா மாமியாரா?"ன்னு கேட்பாங்க. எம்மக பத்து வயசு, அவளுக்கு ஒரே எரிச்சல். "அப்பத்தா, மறைக்காத!" தினம் இதே பஞ்சாயத்து. நானும் ஒரு நாள், அடுப்படியில இருந்த கோவத்துல, "உங்களுக்கு டிவியைத் தவிர வேற பேச்சே இல்லையா அத்தை"ன்னு கேட்டுட்டேன். அதை இங்கே மைக்கில் சொல்லும்போது இப்பவும் எனக்கு என்னமோ பண்ணுது.

எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார். அவர் ஒரே முடிவா, "ஏழு வருசம் ஆச்சு, டிவி போயிருச்சு, பெருசா மாத்திருவோம்"னு சொல்லிட்டார். மகன் அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தான். 43 அங்குலம், 4கே. உண்மையைச் சொல்றேன், எனக்கும் ஆசைதான். திருமங்கலத்துல என் அண்ணன் வீட்டுல 43 அங்குலம் மாட்டியிருக்காங்க. மதினி அதுக்கு முன்னாடி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறதைப் பார்த்தாலே ஒரு கெத்தா இருக்கும்.

சரின்னு குழுவுல 20,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். அந்த மாசம் கையிருப்பு 32,000 இருந்தது. அதே கூட்டத்தில் கீழத்தெரு அக்கா ஒருவர் ஆட்டுக்கு 15,000 கேட்டிருந்தார். ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கப் பணம் பத்தாது. தலைவி என்னைப் பார்த்து, "எதுக்கும்மா கடன்?"னு கேட்டாங்க. என் வாய்ல டிவின்னு வரலை. "வீட்டுச் செலவு"ன்னு சொன்னேன். தீர்மான நோட்டுலயும் அப்படியே எழுதியாச்சு. எனக்கு முதல்ல, அந்த அக்காவுக்கு அடுத்த மாசம்னு முடிவாச்சு. அந்த அக்கா ஒண்ணும் சொல்லலை, தலையை ஆட்டிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. ஆட்டுக்குக் கேட்டவங்க தெளிவா ஆட்டுக்குன்னு சொன்னாங்க, நான் மறைச்சேன். எல்லாருக்கும் சம உரிமை உள்ள பணம்தான். ஆனாலும் சொல்லிக் கேட்டிருக்கணும்.

அந்தச் சமயத்துலதான், 2025 செப்டம்பர் 22-ல் இருந்து டிவிக்கு ஜி.எஸ்.டி. குறையுதுன்னு செய்தியில சொன்னாங்க. 32 அங்குலத்துக்கு மேல இருக்கிற டிவிக்கு 28 சதவீதமா இருந்த வரி 18 ஆச்சு. 32-ம் அதுக்குக் கீழேயும் ஏற்கெனவே 18 தான், அதுல மாற்றம் இல்லை. 24,000 ரூபாய்க்கு வித்த டிவின்னா கணக்குப்படி 1,875 ரூபாய் குறையணும். எங்க வீட்டுக்காரருக்கு இது போதாதா? "தீபாவளிக்குள்ள வாங்கிருவோம்"னு ஒரு சனிக்கிழமை எல்லாரையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு உசிலம்பட்டிக்குக் கிளம்பிட்டார். அத்தையும் வந்தாங்க. பார்க்கப் போறது அவங்கதானே.

கடைக்குள்ள போனா ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாத்துலயும் ஒரே படம் ஓடுது. கடலுக்குள்ள கலர் கலரா மீனு, அருவி, பூ மேல பனித்துளி. அந்தப் பனித்துளிக்குள்ள ஆகாசம் தெரியுது. எம்மக வாயைப் பொளந்துட்டு நிக்கிறா. நானும்தான். கடைத் தம்பி 43 அங்குலத்தைக் காட்டி, "23,990 ரூபாய்க்கா, 4கே, பாருங்க எவ்வளவு துல்லியம்"னு சொல்லிட்டு, பக்கத்துல இருந்த 55 அங்குலத்துக்கும் ஒரு கும்பிடு போட வச்சுட்டார்.

நான் கேட்டேன், "தம்பி, இதுல எங்க ஊர் கேபிள் படம் போட்டுக் காட்டுவீங்களா?" அவர் சிரிச்சார். "இங்க கேபிள் கனெக்‌ஷன் இல்லைக்கா, இது பென்டிரைவ்ல போடுற டெமோ." அதாவது கம்பெனிக்காரங்களே டிவிக்குன்னு நல்ல கேமராவுல எடுத்துக் கொடுத்த படம். சேலைக் கடையில பொம்மைக்குக் கட்டி வைக்கிற மாதிரி. நம்ம இடுப்புக்கு எப்படி இருக்கும்னு கட்டிப் பார்த்தாத்தானே தெரியும்.

தவணை பற்றியும் கேட்டேன். "வட்டியே இல்லைக்கா, பத்து மாசம்"னார். "ரொக்கமாத் தந்தா?" "1,200 குறைச்சுத் தரலாம்." "தவணைக்கு வேற செலவு உண்டா?" "ஃபைல் சார்ஜ் 799." அப்போ வட்டியில்லாத் தவணைக்கு 1,999 ரூபாய் கூட ஆகுது. அதுக்குப் பேரு வட்டி இல்லை, அவ்வளவுதான். நம்ம குழுவுல 20,000 வாங்கி, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில, மாசம் 2,000 அசலைக் கட்டிக்கிட்டு வந்தா பத்து மாசத்துக்கும் சேர்த்து வட்டி 1,100 ரூபாய்தான். அதுவும் நம்ம குழுவுக்கே வரும். இந்தக் கணக்கைக் கடையில நின்னே நான் போட்டேன், கணக்குப் புத்தகம் எழுதிப் பழகின கை.

இப்படி நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போது, அத்தை அந்தப் பெரிய 55 அங்குல டிவிக்கு முன்னாடி போயி நின்னாங்க. கிட்டப் போனாங்க. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பார்த்தாங்க. அப்புறம் எங்க பக்கம் திரும்பி, "இதுலயும் புகைதானப்பா இருக்கு"ன்னாங்க.

கடைத் தம்பி சிரிச்சுட்டார். எங்க வீட்டுக்காரரும் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

பனித்துளிக்குள்ள ஆகாசம் தெரியுற டிவி அது. அதுலயும் புகைன்னா?

"அடுத்த வாரம் வர்றோம் தம்பி"ன்னு சொல்லி எல்லாரையும் கிளப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். வர்ற வழி பூரா ஆட்டோவுல நான் பேசவே இல்லை. ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. நாத்தனார் திருப்பூர்ல இருந்து வீடியோ கால் பேசும்போது, "ஏன்டி, உன் போனும் புகையா இருக்கு"ன்னு அத்தை சொன்னது. அரிசியில கல் பொறுக்குறதுக்கு ஊர்ல பேர் போனவங்க, அவங்க புடைச்ச அரிசியில மகனுக்குப் பல்லுல கல் கடிபட்டது. அன்னைக்கு எல்லாரும் ரேஷன் அரிசியைத் திட்டினோம். சாயங்காலம் தெரு விளக்கைப் பார்த்து, "விளக்கைச் சுத்தி வட்டம் போட்டிருக்கு, மழை வரும்போல"ன்னு சொன்னது. மழை வரவே இல்லை. 100 ரூபாய் நோட்டுன்னு நினைச்சு 200 ரூபாயைப் பால்காரருக்குக் கொடுத்தது. அவர் நல்ல மனுசன், திருப்பிக் கொடுத்தார். இத்தனையும் எங்க கண் முன்னாடி நடந்தது. எல்லாத்துக்கும் ஒரு காரணம் கைவசம் வச்சிருந்தோம். டிவிக்கு வயசாச்சுன்னு சொன்ன எங்களுக்கு, அதைப் பார்க்கிறவங்களுக்கு அறுபத்தி நாலு ஆச்சுங்கிறது தோணவே இல்லை.

கார்த்திகை மாசம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் இலவச முகாம் போட்டாங்க. அத்தை வரமாட்டேன்னாங்க. "கண்ணைக் குத்திப்புடுவாங்க"ன்னு பயம். அவங்க சின்ன வயசுல ஒரு பாட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வந்து, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தடவித் தடவி நடந்ததை மறக்கலை. அப்போ எல்லாம் புரை விழுந்த லென்ஸை எடுத்துட்டு அப்படியே விட்டுடுவாங்க, அதான் தடிக் கண்ணாடி. இப்போ எடுத்த இடத்துலயே செயற்கை லென்ஸ் வச்சுடுறாங்க. முகாமுக்கு வந்திருந்த சிஸ்டர் இதைப் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. அந்த ஆஸ்பத்திரியை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கையோட ஒரு வீட்டுல ஆரம்பிச்சாராம், அதுவும் வேலையில இருந்து ரிட்டயர் ஆன பிறகு. இதைக் கேட்டதும் அத்தை, "ரிட்டயர் ஆன பிறகா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு வரிசையில போய் நின்னுட்டாங்க. அது ஏன் அவங்களுக்குத் தைரியம் கொடுத்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

பரிசோதனை பண்ணினதுல ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல நல்லா முத்தியிருந்தது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துட்டு அன்னைக்கே பஸ்ஸுல மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கூட ஆள் வரணும்னு கட்டாயம் இல்லை. சாப்பாடு, ஆபரேஷன், லென்ஸ், திரும்பக் கொண்டுவந்து விடுறது வரைக்கும் எங்களுக்குப் பைசா செலவில்லை. எங்க ஊர்ல இருந்து அத்தையோட சேர்த்து ஏழு பேர் போனாங்க. முதல்ல வலது கண்ணுக்கு மட்டும் பண்ணினாங்க. இடது கண்ணுக்குப் பிறகு தேதி சொல்றோம்னு சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்து கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமா இருந்தாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. நான்தான் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து ஊத்தினேன். ஒரு நாள் சாயங்காலம் என் முகத்தையே உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "என்ன அத்தை?"ன்னேன். "உனக்கு எப்பத்தா இவ்வளவு நரைச்சுச்சு?"ன்னு கேட்டாங்க. பிறகு நான் கட்டியிருந்த சேலையைப் பிடிச்சு, "இது நீலமா! நான் சாம்பல் கலர்னு இல்ல நினைச்சேன்"னாங்க. புரை மஞ்சளாப் படிஞ்சிருக்கிறதால நீலம்தான் முதல்ல மங்குமாம். எடுத்ததும் அதுதான் பளிச்சுன்னு அடிக்குமாம்.

இத்தோட கதை முடிஞ்சிருந்தா நானும் இங்கே வந்து, "டிவி வாங்காதீங்க, கண்ணைப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். முடியலையே! கண் தெளிஞ்ச அத்தை ஒரு வாரம் கழிச்சு டிவி முன்னாடி உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. வலது கண்ணைப் பொத்துனாங்க, இடது கண்ணைப் பொத்துனாங்க. அப்புறம், "ஏத்தா, இந்த டிவி நிஜமாவே நல்லாயில்லத்தா. மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா, சொரசொரன்னு இருக்கு"ன்னாங்க.

எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "நான் அன்னைக்கே சொன்னேன்ல."

இந்தத் தடவை நான் அவசரப்படலை. என் கொழுந்தன் மகன் ஐ.டி.ஐ.யில எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். அவன் வந்து டிவியை ஆன் பண்றதுக்கு முன்னாடியே, "பெரியம்மா, ஏன் இவ்வளவு உசரத்துல மாட்டியிருக்கீங்க?"ன்னு கேட்டான். எம்மக சின்ன வயசுல கையில கிடைச்சதை எல்லாம் வீசுவா. அந்தப் பயத்துல நிலைப்படி உசரத்துக்கு மேல மாட்டினது, அப்படியே இருந்துச்சு. நாங்க தரையில உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறோம். அவன் ஸ்டூலைப் போட்டு, "ஏறி நேராப் பாருங்க"ன்னான். ஏறிப் பார்த்தேன். கீழே இருந்து வெளிறித் தெரிஞ்ச படம் நேராப் பார்த்தா நல்ல அழுத்தமா இருக்கு. இந்த மாதிரி விலையில இருக்கிற டிவியில பல டிவிக்கு நேரா உட்கார்ந்தாத்தான் கலர் சரியா இருக்குமாம். எதிர்ல வாசக்கதவு. சாயங்கால வெயில் நேரா கண்ணாடியில விழுது. அது வேற.

அப்புறம் ரிமோட்டை வாங்கினான். படம் ஜூம்ல கிடந்தது. என் மகன் எப்பவோ கிரிக்கெட்டுக்காக அமுக்கியிருப்பான். அதனாலதான் மூஞ்சி எல்லாம் அகலமா, கீழே ஓடுற எழுத்து பாதி வெட்டுப்பட்டுத் தெரிஞ்சிருக்கு. கரண்டை மிச்சம் பண்ற எனர்ஜி சேவிங்ங்கிறதும் ஆன்ல இருந்துச்சு, அதுல வெளிச்சம் பாதியாத்தான் வரும். ரெண்டையும் சரி பண்ணினான். அதுக்கே பாதி வித்தியாசம் தெரிஞ்சது. பிறகு பின்னாடி எட்டிப் பார்த்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சான். பாக்ஸ்ல இருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு பின் வரும் பாருங்க, உங்க வீட்டுலயும் பல பேருக்கு அதுதான் இருக்கும். அதுல சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. படம் வர்றது மஞ்சள் ஒண்ணுல மட்டும்தான். அந்த ஒரு வயர்ல எச்.டி. படம் வரவே வராதாம். எங்க பாக்ஸும் பழைய சாதா பாக்ஸ்.

எனக்குப் புரியலைன்னதும் அவன் நம்ம பாஷையில சொன்னான். டிவி படம்ங்கிறது புள்ளிக் கோலம் மாதிரி. சாதா சேனல்ல வர்றது நீளவாக்குல 720, மேலிருந்து கீழே 576, ஆக மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. எங்க 32 அங்குல டிவியில இருக்கிறது 1366-க்கு 768, பத்து லட்சத்துக்கு மேல. அதாவது இருக்கிற டிவிக்கே பாதிப் புள்ளிகூட வரலை. ஃபுல் எச்.டி. டிவியில 1920-க்கு 1080, இருபது லட்சம். 4கே டிவியில 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். நாலு லட்சம் புள்ளியை வாங்கி 83 லட்சம் புள்ளிக்கு டிவி தானே குத்துமதிப்பா நிரப்பும். "அடுத்தது பெரியம்மா, 32-க்கும் 43-க்கும் பதினோரு அங்குலம்தானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. அது மூலைக்கு மூலை அளக்குறது. பரப்பைப் பார்த்தா கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல." நான் யோசிச்சுப் பார்த்தேன். பதினஞ்சு புள்ளிக் கோலத்தைச் சின்ன வாசல்ல நெருக்கிப் போட்டா அழகு. அதே பதினஞ்சு புள்ளியைக் கோயில் வாசலுக்கு இழுத்துப் போட்டா என்ன ஆகும்? அத்தை சொன்ன கட்டம் கட்டமா இன்னும் பெருசாத் தெரியும். அண்ணன் வீட்டு டிவி நல்லாத் தெரிஞ்சதுக்குக் காரணம் 43 அங்குலம் மட்டும் இல்லை, அங்கே எச்.டி. பாக்ஸ் இருக்கு. மதினிகிட்ட போன் போட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

மகன் விடலை. "யூடியூப்ல 4கே வரும்ல"ன்னான். வரும். நல்லதா ஓடினா ஒரு மணி நேரத்துக்கு ஜிபி ஜிபியா இழுக்குமாம். எங்க போனுக்கு நாளைக்கு ஒன்றரை ஜிபி. டைட்டில் முடியறதுக்குள்ள நெட்டு முடிஞ்சிரும்.

நானே தையல் டேப்பை எடுத்து அளந்தேன். டிவிச் சுவர்ல இருந்து அத்தை கட்டிலுக்கு எட்டடி. 43 அங்குலத்துல ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியணும்னா அஞ்சரை அடிக்குள்ள உட்காரணுமாம். எட்டடியில நல்ல கண்ணுக்கும் ரெண்டும் ஒண்ணுபோலத்தான். எங்க வீட்டுல அஞ்சரை அடியில உட்கார்ந்தா நடுவீட்டுல யாரும் நடக்க முடியாது. கரண்டையும் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னாடி வாட்ஸ் எழுதியிருக்கும். எங்களுது 45, கடையில பார்த்தது 80. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு ஒரு பத்து யூனிட் கூட. அது பெரிய விஷயம் இல்லை. ஆனா இலவச யூனிட்டை ஒட்டியே கணக்குப் பண்ணி ஓட்டுறவங்க இதையும் பார்த்துக்கலாம்.

ஆக, நாங்க செஞ்சது இவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கி வந்து டிவியை நாங்க உட்கார்ந்து பார்க்கிற உசரத்துக்கு இறக்கினார். வாசக்கதவுக்கு என் பழைய சேலையில ஒரு திரை தைச்சுப் போட்டேன். கேபிள் தம்பிகிட்ட 1,500 ரூபாய் கொடுத்து எச்.டி. பாக்ஸ் மாத்தினோம். எச்.டி.எம்.ஐ. வயர் 250. சன் டிவி, விஜய் டிவி, கே டிவி மூணுக்கு மட்டும் எச்.டி. கேட்டோம், மாசம் 90 ரூபாய் கூட வருது. பாக்ஸ் மாத்துறவங்க ஒண்ணைக் கவனிங்க, எச்.டி. சேனல் தனி நம்பர்ல வரும். பாக்ஸை மாத்திட்டுப் பழைய நம்பரையே போட்டுப் பார்த்தா பழைய படம்தான். நாங்க நாலு நாள் அப்படித்தான் பார்த்தோம்.

கடனை என்ன பண்ணினேன்னு கேட்பீங்க. உசிலம்பட்டியில இருந்து வந்த மறுவாரமே கூட்டத்துல எழுந்து, "நான் கேட்டது டிவிக்குத்தான், இப்போ வேண்டாம், அந்த அக்காவுக்கு முதல்ல கொடுங்க"ன்னு சொன்னேன். தீர்மான நோட்டுல திருத்தி எழுதினோம். ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எனக்கு அழுகை. அந்த அக்கா வாங்கின ஆட்டுல ஒண்ணு போன மாசம் ரெட்டைக் குட்டி போட்டிருக்கு. சீம்பால் கொடுத்து விட்டாங்க. முன் வரிசையில உட்கார்ந்துதான் இருக்காங்க, எழுந்திருக்கச் சொன்னா வெட்கப்படுவாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறலை. பந்து எங்கே போகுதுன்னு தெரியலையாம். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நாள் பூரா ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டு வர்ற மனுசன். எட்டடி தூரத்துக்கு 43 அங்குலம் பொருத்தமாத்தான் இருக்கும், அதை நான் மறுக்கலை. அதனால குழுவுலயே விருப்பச் சேமிப்புல என் பேர்ல மாசம் 500 தனியாப் போட்டுட்டு வர்றேன், இதுவரைக்கும் 1,500 சேர்ந்திருக்கு. இந்த டிவி தானா நிக்கிற அன்னைக்கு வாங்குவோம். ஃபுல் எச்.டி. போதும்னு நான், 4கே-தான்னு மகன். அந்தச் சண்டைக்கு இன்னும் நாள் இருக்கு.

அத்தையோட இடது கண்ணுக்கு அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. இந்த வாட்டி அவங்களே பையைக் கட்டி வச்சுட்டாங்க. அதுவரைக்கும் அவங்களுக்கு ஒரு விளையாட்டு கிடைச்சிருக்கு. சீரியல் ஓடும்போது ஒரு கண்ணைப் பொத்தி, "இது பழைய டிவி"ம்பாங்க. கையை மாத்தி இன்னொரு கண்ணைப் பொத்தி, "இது புது டிவி"ம்பாங்க. எம்மகளும் பக்கத்துல உட்கார்ந்து அதே மாதிரி பொத்திப் பொத்திப் பார்த்துட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு அப்பத்தா"ங்கிறா.